அரசர் கயிலைச் செலவும் இறைபணி நிற்றலும்



சிவபெருமானை நம்பினோம் என்று கூறாத சைவர் இலர். ஆயினும், நம்புதலாவது யாது என்று தம்மைத் தாமே வினவிப் பார்த்தோர் மிகச் சிலரே. நோய் நீங்குக, மக்கட்பேறு உண்டாகுக, வழக்கு வெல்லுக என்று வேண்டிக்கொண்டு, வேண்டியது கிடைத்தவழி நம்பிக்கை பெருகுதலும், கிடையாதவழி அது சுருங்குதலும் உலகிற் காண்கின்றோம். இங்ஙனம் ஏறியும் இறங்கியும் வருவது இறைவன்மேல் வைத்த நம்பிக்கையன்று. நம் விருப்பத்தின்மேல் வைத்த நம்பிக்கையேயாம். அவ்விருப்பத்தை முடித்துத் தரும் ஏவலாளனாக இறைவனைக் கருதினமையின், ஆண்டான் அடிமை என்னும் முறை ஈண்டுத் தலைகீழாயிற்று. அடிமை ஏவ ஆண்டான் செய்தல் வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

அற்றேல், மெய்யாய நம்பிக்கைக்கு அடையாளம் யாதோவெனின், ஏவல்வழி நிற்றலே யாம் என்க. மருத்துவனை நம்பினேன் என்று சொல்லி, அவன் தந்த கசப்பு மருந்தை உண்ணாது வைத்திருப்பானை, மருத்துவனை நம்பினான் என்று யாரும் கூறார். நம்பாதவன் பணியான், பணியாதவன் நம்பினானல்லன். ஆகவே நம்பி நிற்றலும் பணிந்து நிற்றலும் சொல்லான் இரண்டாயினும் பொருளான் ஒன்றேயென்பது பெற்றாம். இதனை நம் சித்தாந்த சாத்திரம் எங்ஙனம் நிறுவிற்று என்பதனையும், திருநாவுக்கரசு சுவாமிகள் எங்ஙனம் வாழ்ந்து காட்டியருளினார் என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சிவஞானபோதத்துச் சூத்திரங்கள் 12. அவை இயலொன்றுக்கு மூன்றாக நான்கியலின் வகுக்கப்பட்டன. இறுதியதாகிய பயனியலின் முதற்கண் நிற்பது 10-ஆம் சூத்திரம். பாசம் நீங்குமாறு கூறும் அச்சூத்திரத்தின்கண் மெய்கண்ட தேவர் இரண்டு அதிகரணங்களை வைத்தருளினார். ஏகனாதல் ஒன்று, இறைபணி வழுவாது நிற்றல் மற்றொன்று. இவ்விரண்டும் கூடியவழி ஆணவம், மாயை, கன்மம் என்னும் மூன்றும் உயிரைத் தாக்கா என்பது அதன் முடிபு.

ஏகனாதல் என்பதனை, உயிர் தன் உண்மை கெட்டு இறைவனேயாய்விடுதல் என்று மயங்குவாருமுளர். அது சித்தாந்தமன்று. கட்டுநிலையில் இறைவன் உயிரோடு பிரிப்பின்றி நின்று, அதன் அறிவு இச்சை செயல்களை யெல்லாம் இயக்கி வைத்தும், தன்னைச் சிறிதும் வெளிப்படுத்துவானல்லன். எல்லாம் உயிரின் செயலே போலத் தோன்றுமாறு அவன் மறைந்து நிற்கின்றான். வீட்டுநெறிக்கண் உயிரும் அவ்வாறே அவனோடு பிரிப்பின்றி நின்று, தன்னை முனைப்பியாது, எல்லாம் அவன் செயலேயாகத் தான் அடங்கி நிற்றல் வேண்டும். முன்னர் அவன் நமக்காக மறைந்து நின்றான். பின்னர் நாம் அவன்கண் அடங்கி நிற்கின்றோம். ஞாயிற்றினொளியிற் கலந்து காணுங் கண்ணானது, தன் ஒளி கெடாமலும், தன்னாலேயே கண்டேன் என்று தருக்காமலும் நிற்றல்போல என்று கொள்க.

ஈண்டு இரண்டு கடாக்கள் எழும். எல்லாம் அவன் செயலாயின், யாம் முயலுதல் எற்றுக்கு? அவன் நடத்தியவாறு நடக்கும் என்று வாளாவிருத்தலே சாலுமன்றோ என்பது முதற் கடா. இதற்கு விடை கூறுதும். ஆசிரியர் இறைபணி நிற்க என்றாரன்றிப் பணியின்றி நிற்க என்றாரல்லர். அவனன்றி ஓரணுவும் அசையாது என்னும் பழமொழியை வாயாற் கூறிக்கொண்டு, தனக்கு இனியதற்கு விரைந்தோடியும், இறைபணிக்கு மட்டும் சோம்பியும் இருப்பவன், தற்போதத்தை விட்டவனல்லன். தற்போதத்துக்கு இறைவன் பெயரைச் சூட்டியவனேயாவன். பசி வந்தவழி உண்ணுதற்கு முயலும் அவன், விளக்கிடுதற்கு மட்டும் இறைவனே இடுக என்பானாயின், அவன் கொள்கை எத்தகைத்தென்பது தெற்றென விளங்கும்.

எல்லாம் அவன் செயலாயின், யான் செய்யுந் தீவினையும் அவன் செயலேயன்றோ என்பது இரண்டாங் கடா. அதுவும் பொருந்தாது. தீவினை தன் விருப்பினின்று தோன்றுவது. தன் விருப்பு முனைத்து நிற்குமிடத்து ஏகனாதல் என்னும் முதலதிகரணம் நிரம்பவில்லை. முதலது நிரம்பாதவழி இரண்டாவதன் பயனை எடுத்துக்கொள்ளுதல், வித்தாமலே விளைவு கொள்ளப் புகுதல் போலும். இப்பொருளை வற்புறுத்தவேண்டியே அருணந்தி சிவாசாரியர், தக்கன் வேள்வியையும் சண்டேசுர நாயனார் செயலையும் ஒருங்கு வைத்துக் காட்டியருளினார். தக்கன் செய்தது வேதம் விதித்த வேள்வி. ஆயினும் இறைவனைப் புறக்கணித்துச் செய்தமையின் தீமையாய் முடிந்தது. சண்டேசுரர் செய்தது உலகம் பழிக்குஞ் செயல். ஆயினும் தாம், தந்தை, உலகம் என்னும் நினைவு ஒன்றுமின்றிப் பூசைக்கண் ஒன்றிய உள்ளத்தினின்று எழுந்தமையின் நன்மையாய் முடிந்தது. எதிரே கிடந்த கோலொன்றை அவர் எடுத்தார், அது மழுவாயிற்று. அவர் முன்னரே மழுவைத் தேடி வைத்தவரல்லர் என்பது உய்த்துணரற்பாலது. அவர்போலச் செய்யப் புகுவார் முதலில் அவர்போல ஒன்றி நின்று காட்டுக.

இனி, இச்சூத்திரத்தின் பொருளாகவே வாழ்ந்தருளியவர் திருநாவுக்கரசர். அவர் வரலாற்றை இரண்டாங் குலோத்துங்க சோழன் (கி.பி. 1133-1150) காலத்தவராகிய சேக்கிழார் பெருமான் விரித்தருளினார். அவ்வரலாற்றின் தொடக்கத்தே நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாய் விளங்குபவர் அரசரல்லர். அவர் தமக்கையாராகிய திலகவதியம்மையார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாய்ந்தமை கேட்டு உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார்பொருட்டு உயிர் தாங்கினார். அத்தம்பியோ புறச்சமயம் புகுந்து தருமசேனராய்ப் பாடலிபுத்திரத்தில் தலைமை பெற்றார். அம்மையார் திருவதிகை வீரட்டானத்துத் திருவலகிட்டும், திருமெழுக்கிட்டும், பூமாலை தொடுத்தும் பணி செய்துகொண்டே, தம்பியை மீட்டருளுமாறு விண்ணப்பித்தார். சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவிற் கூறியருளினான். தம்பிக்குக் கொடிய நோய் வரப்போகின்றது என்பதனை அறிந்தும், வேறு வழியின்றோ என்று அம்மையார் கேட்டிலர். நோயால் வருந்திய தம்பியார் ஆளனுப்பி அழைத்தபோது, அவரிருக்குமிடத்துக்குச் செல்லவுமிலர். அன்பு குறைந்தமையாலோ? அன்று. அன்பைத் தம் வழியிற் செலுத்தாது இறைவன் வழியில் நிறுத்தினமையால் என்க. தம்பியார் தாமே திருவதிகை அடைந்தார், திருநீறு பெற்றார், நாவுக்கரசராயினார்.

அரசர் பட்ட துன்பங்கள் யாவரும் அறிந்தனவே. நீற்றறையில் ஏழு நாள் இருந்தார், நஞ்சுண்டார், மதயானை முன் நின்றார், கல்லொடு கட்டிக் கடலில் இடப்பட்டார். அங்ஙனம் செய்வித்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றாராய்ச்சி செய்வோர். இந்நான்கிடத்தும் அரசர் காட்டிய உறுதியை வியந்து பேசும் நாம், அவ்வுறுதியைக் காட்டிலும் அரியதொன்றைப் பலகாலும் மறந்துவிடுகின்றோம். கரையேறிய பின்னர் அவர் செய்தது யாது? தம்மை வெல்லற்கரியவர் என்று கருதி வீற்றிருந்தாரோ? உழவாரம் ஏந்திக் கோயில் முன்றிலிற் புல் செதுக்கினார். துன்பம் வந்தபோது தாங்குதல் ஒரு பொழுதைய வீரம். துன்பம் நீங்கிய பின்னரும் நாடோறும் புல் செதுக்குதல் வாழ்நாள் முழுவதற்கும் உரிய பணிவு.

திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்தபோது, அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டு இறைவன் அரசருக்கும் ஆளுடைய பிள்ளையாருக்கும் நாடோறும் படிக்காசு அளித்தருளினான். பிள்ளையார் பெற்ற காசுக்கு வாசி கேட்கப்பட்டது. அரசர் பெற்ற காசுக்கு அது கேட்கப்படவில்லை. பிள்ளையார் மகன்மை உரிமையாற் பெற்றார். அரசர் கைத்தொண்டு செய்தமையின் வாசியில்லாக் காசு பெற்றார் என்பது சேக்கிழார் காட்டுங் காரணம். பணியின் பெருமை இதனால் இனிது விளங்கும்.

இவையனைத்தினும் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது அரசர் கயிலைச் செலவு. திருக்காளத்தியில் இறைவனை வணங்கியபோது வடகயிலையிற் பெருமான் வீற்றிருக்கும் இருக்கையைக் காணவேண்டும் என்னும் பெருவிருப்பு அவருக்கு எழுந்தது. திருப்பருப்பதம் வணங்கி, தெலுங்கு கன்னடம் மாளவம் முதலிய நாடுகளைக் கடந்து காசியை அடைந்தார். அப்பால் தனியே சென்றார். கால்கள் தேய்ந்தன; கையாற் சென்றார். கைகள் கரைந்தன, மார்பால் உந்திச் சென்றார். மார்பும் நைந்தது, புரண்டு புரண்டு சென்றார். உறுப்பெல்லாம் ஒழிந்த பின்னும் ஒழியாதிருந்தது அவர் விருப்பு ஒன்றே.

அவ்வழியே ஒரு வாவியை உண்டாக்கி, முனிவர் வடிவிற் பெருமான் எதிர்ப்பட்டான். மானிடர்க்குக் கயிலை அடைதற்கரிது, மீள்க என்றான். ஆளும் நாயகன் இருக்கையைக் காணாமல் இம்மாளும் உடலோடு மீளேன் என்னும் பொருள்பட அரசர் மறுத்துவிட்டார். முனிவர் மறைந்தார். வானினின்று அழைக்குந் திருவாக்கு எழுந்தது. உடம்பு முன்போல் ஒளி பெற அரசர் எழுந்தார். கயிலைக் காட்சி வேண்டினார். இவ்வாவியில் மூழ்கித் திருவையாற்றிற் காண்பாயாக என்பது திருவுளமாயிற்று.

மெய்யன்பர்காள்! இவ்விடத்துச் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். முனிவர் மீள்க என்றபோது மீளாதவர், பெருமான் மூழ்குக என்றபோது ஒரு சொல்லும் மறுக்காமல் மூழ்கினார். இரண்டும் மீளுதலே. கயிலையோ இன்னும் வடக்கே இருந்தது; கட்டளையோ தெற்கே, அவர் விட்டு வந்த சோழநாட்டைக் காட்டியது. திருவையாற்றிலேயே காட்டக் கூடுமாயின், என் காலும் கையும் மார்பும் தேயும்வரை என்னை ஏன் நடக்கவிட்டாய் என்று கேட்கும் உரிமை அவர்க்கு இல்லையா? நாமாயின் கேட்டிருப்போம். பத்து நாள் விரதமிருந்து பயன் காணாவிடின் கேட்கின்றோமே! அவர் கேட்டிலர். திருவைந்தெழுத்தை ஓதிக்கொண்டு வாவியில் மூழ்கினார். திருவையாற்று வாவியில் எழுந்தார்.

இதனால் அறியத்தக்கது யாதெனின், அன்பர்க்குரிய உறுதியும் பிடிவாதமும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றினும் தம்முள் வேறென்பதேயாம். பிடிவாதமுடையவன் யார் சொல்லினும் மாறான். இறைவனே சொல்லினும் மாறான். ஏனெனின் அவன் பற்றியது தன் துணிவை. உறுதியுடைய அன்பன் உலகம் முழுவதுஞ் சொல்லினும் மாறான். இறைவன் ஒரு சொற் சொல்ல அப்பொழுதே மாறுவான். ஏனெனின் அவன் பற்றியது இறைவனை. கயிலையைத் துறத்தற்கு அரசருக்கு மனம் வந்தது, கயிலையினும் கயிலைநாதன் பெரியன் என்று அவர் அறிந்திருந்தமையால் அன்றோ? உடலைத் துறந்தது பெரிதன்று. அவ்வுடலைத் துறந்தேனும் அடையவேண்டுமென்று கொண்ட துணிவைத் திருவாக்கு ஒன்றற்காகத் துறந்ததே பெரிது. ஏகனாதல் என்று ஆசிரியர் கூறியது இவ்விடத்து முற்றிற்று.

அதன் பயனும் நோக்கற்பாலது. திருவையாற்றில் அவர் எழுந்தபோது, நிற்பனவும் இயங்குவனவும், பிடியொடு களிறும், பேடையொடு சேவலும், சத்தியுஞ் சிவமுமாகத் தோன்றின. ஐயாற்றுத் திருக்கோயிலே கயிலையாயிற்று. நாடோறும் எல்லார் கண்ணுக்கும் புலப்படும் விலங்கும் பறவையுமே அவருக்குச் சிவக்காட்சி தந்தன. தொலைவிலுள்ள ஒன்றைத் தன் முயற்சியாற் காண விழைந்தார்க்கு, அருகிலுள்ளது அனைத்தும் அவனருளாற் காட்டப்பட்டது. பணிந்து நின்றார்க்குத் தாம் நின்ற இடமே கயிலையாம் என்க.

அற்றேல், பணிந்து நிற்பார் துன்பத்தை உணராரோ? முறையிடாரோ? அழாரோ? என்பார்க்குச் சில கூறுதும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாருக்குச் செய்த சூளுறவு தவறித் திருவொற்றியூரை நீங்கியபோது கண்ணிரண்டும் இழந்தார். அவர் முறையிட்டார், வன்மையாகவும் பேசினார். ஆயினும் திருவாரூரை நோக்கிய நடையை நிறுத்தினாரல்லர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் ஒரு கண் பெற்றார். திருவாரூரில் மற்றைக் கண் பெற்றார். முறையிடும் நாவும் வழிபடச் செல்லும் காலும் ஓரடியாரிடத்தே ஒருங்கு நிற்கும். நாவின் முறையீடு பணிவுக்கு மாறன்று. கால் நின்றுவிடுதலே மாறாம்.

எமக்கு இளமையிற் சிவஞானபோதம் பாடஞ் சொல்லிய ஆசிரியர் தம் ஒரே மைந்தரை இழந்தார். அந்தியேட்டி முடிந்த மறுநாள் மாணாக்கர் எழுவேம் துக்கம் வினவச் சென்றிருந்தோம். அவர் எம்மை நோக்கி, பாடம் எங்கே நின்றது என்று கேட்டார். நின்ற இடம் 10-ஆம் சூத்திரம். அதனைச் சொல்ல எமக்கு நா எழவில்லை. அவரே ஏட்டைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். வாசிக்கும்போதே கண்ணீர் பெருகியது. எம்முள் ஒருவர், ஐயா, இன்று வேண்டா, மனம் ஆறிய பின் கேட்டுக்கொள்வோம் என்றார். அதற்கு அவர், வினை உடலைத் தாக்குகின்றது, உடல் அழுகின்றது. பணி உயிர்க்கு உரியது, அது நிற்றல் வேண்டும். நீ வாசி, நான் அழுதுகொண்டே பொருள் சொல்லுகின்றேன் என்றார். உடலூழாய் வரும் பிராரத்தம் ஞானிகளையும் உடல் உள்ளவரைக்கும் விடாது. ஆயினும் அது மேல்வினைக்கு வித்தாகாது என்று நூல்கள் கூறுவதன் பொருளை யாம் அன்றே உணர்ந்தேம். எம் தலை நரைத்த இக்காலத்தும் அச்சூத்திரத்தை எடுக்குந்தோறும் அக்கண்ணீரே விருத்தியுரையாக நிற்கின்றது.

இனி, இறைவன் ஏவல் இது என்று நாம் அறியுமாறு எங்ஙனம்? அரசருக்கு வான்மொழி எழுந்தது. நமக்கு எழவில்லையே எனின், மூன்று வாயிலாக அது நமக்கும் வருகின்றது. ஆகமங்கள் விதித்த சரியை முதலாகிய நெறி ஒன்று. குருவின் திருவாக்கு மற்றொன்று. நாம் வேண்டாமலே நம்மேல் வந்து பொருந்தும் கடமை மூன்றாவது. நோயுற்ற தாயைப் பேணுதல், அறிவு குறைந்த மகவை வளர்த்தல், இறந்த தமையனார் மக்களைத் தாங்குதல் முதலியன நாம் தேர்ந்து கொண்டனவல்ல. நம் வினைக்கீடாக அவன் கூட்டியவை. இவற்றை விட்டுக் கயிலைக்கு ஓட நினைப்பார்க்குத் திருவையாற்றை நோக்கிய கட்டளை இன்றும் எழுந்துகொண்டே இருக்கின்றது.

உமாபதி சிவாசாரியர் வரலாறும் இதனை உணர்த்தும். சங்கற்ப நிராகரணத்தைச் சகம் 1235-இல் (கி.பி. 1313) அருளிச்செய்த அப்பெரியார், தில்லைவாழந்தணர் மரபிற் சிறப்புற்றிருந்தவர். மறைஞானசம்பந்தர் திருவாக்கை ஏற்று அவரைப் பின்சென்றதனால், தம்மவரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் உறைந்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. குருவின் ஏவலை ஏற்றவர்க்கு உலகம் தரும் முதற்பரிசு விலக்கே போலும்! ஆயினும் அவ்விலக்கினால் நமக்கு வாய்த்தவை சித்தாந்த அட்டகமாகிய எட்டு நூல்கள்.

நிறைவாக, மடங்களிலும் சபைகளிலும் நூலாராய்ச்சியிலும் பொழுது போக்கும் நம்மனோர்க்கு ஒன்று கூறுதல் கடமை. யான் எனது என்னும் செருக்கு, பொருளையும் புகழையும் விட்டார்க்கும் அவர் செய்யும் பணிக்கண்ணே வந்து ஒளிந்துகொள்ளும். இப்பூசை யான் செய்வது, இம்மாணாக்கர் என் மாணாக்கர், இவ்வுரை என் உரை என்று அது பேசும். இதனை அறிதற்கு உரைகல் ஒன்றுண்டு. நாம் நெடுங்காலஞ் செய்த பணி நம் கையினின்று எடுக்கப்பட்டு வேறொருவர் கையிற் கொடுக்கப்படும் நாளில், நம் உள்ளம் யாது சொல்லுகின்றது? அன்று உள்ளம் கொதிக்குமாயின், இதுகாறும் நாம் செய்தது நம் பணியே; இறைபணியன்று. அன்று மகிழ்ந்து அடுத்த ஏவலுக்குக் காத்து நிற்குமாயின், நாம் செய்தது இறைபணி. இவ்வுரைகல்லிற் பொன்னென நிற்பார் எத்துணையர் என்று பிறரை எண்ணற்க. ஒவ்வொருவரும் தம்மையே உரைத்துப் பார்க்க. இதனை எழுதும் யாமும் அதற்கு அஞ்சியே எழுதுகின்றேம்.

திருப்புகலூரில் அரசர் உழவாரப் பணி செய்யுங்கால், அவ்விடத்திற் பொன்னும் நவமணியும் கிடக்குமாறு இறைவன் செய்தருளினான். அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பக் கொண்டு, உழவாரத்தால் ஏந்தி அவர் வாவியில் எறிந்தார். பொன்னை வெறுத்துத் தூற்றினாருமல்லர், வியந்து நின்றாருமல்லர். முன்றில் தூயதாதல் வேண்டும் என்பதே அவர்க்கு இட்ட பணி. அதற்கு இடையூறாகக் கிடந்தது கல்லாயினென், பொன்னாயினென்? அப்பணியிலே நின்றவாறே, சித்திரைச் சதயத்தில் அவர் இறைவன் திருவடி அடைந்தார்.

திருவைந்தெழுத்தினுள் உயிரைக் குறிக்கும் எழுத்து, அருளைக் குறிக்கும் எழுத்துக்கும் மறைப்பைக் குறிக்கும் எழுத்துக்கும் இடையே நிற்கின்றது. மலத்தின் பக்கம் திரும்பி நின்ற உயிர், சிவத்தின் பக்கம் திரும்பி நிற்றலே பணிதல். அவ்வொரு திருப்பத்துக்குக் கயிலை வரை நடக்க வேண்டுவதில்லை. நின்ற இடத்திலேயே திரும்பலாம். இன்று நம் கையிற் கிடக்கும் பணி எதுவோ, அதனைத் தற்போதமின்றிச் செய்து நிற்போமாக. நம்புதல் என்பதற்கு இதனின் வேறாய பொருள் இல்லை.

திருச்சிற்றம்பலம்.